ஸ்ப்ரே ஃபோம் வெப்பக்காப்பு: உங்கள் வீட்டுக்குக் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போடும் முறை

ஸ்ப்ரே ஃபோம் என்பது இரண்டு ரசாயனங்களைக் கலந்து துப்பாக்கியால் பீய்ச்சும்போது நுரையாக விரிந்து இறுகும் வெப்பக்காப்பு. அதை அடிக்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, சதுர மீட்டருக்கு என்ன விலை என்று கேட்கிறார்கள். கணக்கு அங்கேயே தடம் மாறுகிறது. எந்த இடத்துக்கு, எந்த வகை, எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் கேட்ட விலையை வேறு எதோடும் ஒப்பிட முடியாது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கண்ணாடிப் பஞ்சைப் பிரித்து எடுக்கலாம், பலகையைக் கழற்றலாம். ஃபோம் மரத்திலும் கான்கிரீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிடும். எடுக்க வேண்டுமென்றால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் யோசனை எல்லாம் அடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வேண்டிய எண்ணைத் தருகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாத மின் ரசீதுகள், குளிர்நாடு என்றால் எரிவாயு ரசீதுகளும். ஒரு மாத ரசீதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உச்சகட்ட மாதத்தை 12 ஆல் பெருக்கினால் மிச்சம் பல மடங்கு ஊதித் தெரியும்.

காப்பு செய்யப்போகும் ஒவ்வொரு பரப்பின் அளவு. கூரை, சுவர், மாடத்தின் சரிவு என்று தனித்தனியாகச் சதுர மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பரப்புக்குக் கீழே எந்த அறை இருக்கிறது, அதில் ஏசியோ ஹீட்டரோ ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் விடையைத் தீர்மானிப்பதே அதுதான்.

2. ஈரத்தை முதலில் தீர்த்துவிடுங்கள்

கூரை ஒழுகினாலோ, சுவரில் ஈரம் ஏறினாலோ அதைச் சரிசெய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். ஃபோம் கசிவை நிறுத்தாது, மறைத்துவிடும். க்ளோஸ்டு செல் என்ற கெட்டியான வகை ஃபோமுக்கு (வகைகள் 4-ஆம் படியில்) மேலே தேங்கும் நீர் கீழே சொட்டாமல் மரச்சட்டத்திலேயே நின்று அதை மக்கவைக்கும். வெளியே தெரியும்போது சட்டத்தையே மாற்றும் நிலை வந்திருக்கும்.

மரத்தில் அடிப்பதாக இருந்தால் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். ஈரப்பதம் 19 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் இரண்டு கோளாறு: ஃபோம் சரியாக ஒட்டாது, மரம் காய்ந்து சுருங்கும்போது விளிம்பில் இடைவெளி விழும்.

3. வெப்பம் எந்த வழியில் வருகிறது என்று பிரித்தறியுங்கள்

வெப்பம் ஒரு வீட்டுக்குள் வருவதும் போவதும் முக்கியமாக இரண்டு வழிகளில்: கூரை, சுவர் ஆகியவற்றின் உடல் வழியாகக் கடப்பது ஒன்று, சந்துபொந்துகளில் நுழையும் காற்றோடு வருவது இன்னொன்று. கண்ணாடிப் பஞ்சும் தெர்மோகோல் பலகையும் முதல் வழியை மட்டுமே அடைக்கும். ஸ்ப்ரே ஃபோம் இரண்டையும் ஒரே வேலையில் அடைக்கும். அதன் கூடுதல் விலைக்கு உண்மையான நியாயம் இந்த இரண்டாவது பயன்தான்.

ஆகவே உங்கள் வீட்டில் காற்றுக்கசிவு எவ்வளவு என்று தெரியாமல் ஃபோமின் பயனை மதிப்பிட முடியாது. வாசலில் விசிறி பொருத்தி வீட்டின் அழுத்தத்தை 50 பாஸ்கல் மாற்றிப் பார்க்கும் புளோயர் டோர் சோதனை இதற்கானது. அது கிடைக்காத இடத்தில், காற்றடிக்கும் நாளில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, புகையும் குச்சியைக் கூரையும் சுவரும் சேரும் மூலை, குழாய் நுழையும் துளை, விளக்குப் பெட்டி ஆகியவற்றின் அருகே பிடியுங்கள். புகை நேராக எழுந்தால் கசிவில்லை. பக்கவாட்டில் இழுபட்டால் அங்கே கசிவு இருக்கிறது.

ஒரே வார்ப்பில் போட்ட கான்கிரீட் கூரையில் காற்றுக்கசிவு கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஃபோம் வெறும் வெப்பத்தடை மட்டும்தான். மலிவான பலகையோடு நேருக்குநேர் போட்டியிட வேண்டியிருக்கும். பல துண்டுகள் சேரும் மரக்கூரை, தகரக் கூரை, வளைந்த பரப்பு, தரைத்தளச் சட்டத்தின் ஓரங்கள் ஆகிய இடங்களில்தான் ஃபோம் தன் விலைக்கு வேலை செய்கிறது.

4. ஓபன் செல்லா, க்ளோஸ்டு செல்லா

ஸ்ப்ரே ஃபோமில் இந்த இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் ஒரே துப்பாக்கியில் வரும், ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்.

ஓபன் செல்லின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோ. தொட்டால் பஞ்சு ரொட்டி போல அமுங்கும். அங்குலத்துக்கு ஆர்-மதிப்பு (வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்; கூடக்கூட நல்லது) சுமார் 3.5 முதல் 3.8. காற்றைத் தடுக்கும், நீராவியை விடும், நீரை உறிஞ்சும். விலை குறைவு, ஒலியையும் ஓரளவு அடக்கும்.

க்ளோஸ்டு செல் கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோ. கெட்டியாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் லேசாகத்தான் பதியும். அங்குலத்துக்கு ஆர் 6 முதல் 7. ஏறக்குறைய 50 மி.மீ. தடிமனில் நீராவியையும் பெருமளவு தடுக்கும். கூரையின் மேற்பரப்பில் அடிக்கும் வகை இதைவிட அடர்த்தியானது, ஏனென்றால் அதன்மேல் ஆள் நடக்க வேண்டும்.

தேர்வுக்கான கேள்விகள் மூன்று. இடம் குறுகலா? ஆமென்றால் க்ளோஸ்டு செல். ஈரமான காற்று குளிர்ந்த தகரத்தையோ மரத்தையோ தொட்டு நீர்த்துளி படியும் ஆபத்து இருக்கிறதா? அதற்கும் க்ளோஸ்டு செல். ஆழம் தாராளமாக இருந்து, காற்றுக்கசிவுதான் முக்கியக் குறை என்றால் ஓபன் செல் போதும். கடும் குளிர்நாட்டில் கூரைச்சரிவின் உட்புறம் ஓபன் செல் அடித்தால் உள்ளிருந்து வரும் நீராவி அதைக் கடந்து கூரைப்பலகையில் படியும். அங்கே நீராவித் தடுப்பு இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஆர்-மதிப்பைப் படிக்கும்போது எச்சரிக்கை. அங்குலக் கணக்கில் சொல்லும் அமெரிக்க ஆர் வேறு, மெட்ரிக் ஆர் வேறு. அமெரிக்க எண்ணை 5.678 ஆல் வகுத்தால் மெட்ரிக் எண் வரும்: ஆர்-13 என்பது மெட்ரிக்கில் சுமார் 2.3. இரண்டு விலைப்புள்ளிகள் இரண்டு முறையில் இருந்தால் ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு உயர்ந்ததாகத் தோன்றும். க்ளோஸ்டு செல்லுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த எண் புதிதாக அடித்தபோதா, முதிர்ந்த பிறகா? உள்ளே அடைபட்ட வாயு காலப்போக்கில் கசிய, வெப்பத்தடையும் சற்றுக் குறையும். முதிர்ந்த எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும்.

5. தடிமனை முடிவு செய்யுங்கள்

"இரண்டு மடங்கு தடிமன், இரண்டு மடங்கு மிச்சம்" என்ற எண்ணம்தான் அதிகப் பணத்தைக் கரைக்கிறது. வெப்பஓட்டம் மொத்த ஆர்-மதிப்புக்குத் தலைகீழ் விகிதத்தில் போகிறது. முதல் அடுக்கே பெரும்பகுதியை நிறுத்திவிடும். அடுத்தடுத்த அடுக்குகளுக்கு மிச்சம் வைப்பதே கொஞ்சம்தான்.

எண்ணில் பார்த்தால் புரியும். 100 சதுர மீட்டர் கான்கிரீட் கூரை என்று வைப்போம். கூரையின் இருபுறமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப்படலத்தின் தடையையும் சேர்த்து அதன் மெட்ரிக் ஆர் சுமார் 0.3. வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் சராசரியாக 10 டிகிரி வித்தியாசம். பரப்பை வித்தியாசத்தால் பெருக்கி ஆர்-ஆல் வகுத்தால், வெறும் கூரை வழியாக 3,333 வாட் வெப்பம் உள்ளே வருகிறது.

50 மி.மீ. க்ளோஸ்டு செல் அடித்தால், வெப்பக்கடத்து எண் (பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்று காட்டுவது) 0.025 என்று கொண்டால், மீட்டரில் தடிமனை, அதாவது 0.05 ஐ, அதனால் வகுக்க ஆர் 2.0 கூடுகிறது. மொத்தம் 2.3. வெப்பம் 435 வாட்டாக இறங்கிவிடும்.

இன்னொரு 50 மி.மீ. அடித்தால் மொத்தம் 4.3. வெப்பம் 233 வாட்.

முதல் 50 மி.மீ. தடுத்தது ஏறத்தாழ 2,900 வாட். இரண்டாவது 50 மி.மீ. தடுத்தது 202 வாட். பொருள் செலவு இரண்டுக்கும் ஒன்றே. வெளியே உறைநிலைக்குக் கீழே போகும் நாட்டில் வித்தியாசம் 10 டிகிரி அல்ல, 30 டிகிரி இருக்கும். சூடாக்கி நாள் முழுக்க ஓடும். அங்கே இரண்டாவது அடுக்குக்கும் நியாயம் கிடைக்கலாம். உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். "பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம்" என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

6. வாட்டை யூனிட்டாக்குங்கள்

தடுக்கப்பட்ட வெப்பம் முழுவதும் மின்சார மிச்சம் ஆகாது. ஏசி 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆக 2,900 வாட்டை 3 ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 966 வாட். ஆண்டுக்கு 120 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 720 மணி. மிச்சம் ஏறத்தாழ 695 யூனிட். இரண்டாவது அடுக்குக்கு இதே கணக்கில் 48 யூனிட்.

மேலே சொன்ன 695 யூனிட்டும் 100 சதுர மீட்டருக்கும் கீழே ஏசி ஓடினால்தான். 15 சதுர மீட்டர் படுக்கையறையில் மட்டும் ஏசி என்றால் மிச்சம் சுமார் 104 யூனிட். முழுக் கூரைக்கும் செலவு செய்து ஓர் அறைக்கு மட்டும் பயன் பெறுவது எப்படிக் கட்டும்? ஏசி இல்லாத அறைகளில் வெக்கை குறைவது உண்மையான நன்மைதான். ஆனால் அதை வசதி என்று தனியாக எழுதுங்கள், ரசீது மிச்சத்தில் சேர்க்காதீர்கள்.

யூனிட்டை உங்கள் கட்டணத்தால் பெருக்குங்கள். பயன்பாடு ஏற ஏறக் கட்டணம் ஏறும் முறை உங்கள் ஊரில் இருந்தால், சராசரிக் கட்டணத்தை அல்ல, உங்கள் ரசீதின் கடைசிப் படிக்குரிய கட்டணத்தைப் போடுங்கள். மிச்சமாவது அந்த மேல்படி யூனிட்டுகள்தான்.

7. வெறும் கூரையோடு ஒப்பிடாதீர்கள்

விற்பவர் காட்டும் அட்டவணையில் ஒருபக்கம் எந்தக் காப்பும் இல்லாத வீடு, மறுபக்கம் ஃபோம் அடித்த வீடு. உங்கள் முன் இருக்கும் உண்மையான தேர்வு அது அல்ல. சந்துகளை சீலன்ட் வைத்து அடைத்து, மேலே கண்ணாடிப் பஞ்சோ பலகையோ போடும் வழியும் இருக்கிறது. ஒப்பீடு அதோடுதான்.

ஒரு மாதிரிக்கணக்கு. ஃபோமுக்குச் செலவு 100, ஆண்டு மிச்சம் 10. தனியாகப் பார்த்தால் 10 ஆண்டில் முதல் திரும்பிவிடும். மாற்றுவழிக்குச் செலவு 40, ஆண்டு மிச்சம் 8. அது 5 ஆண்டில் திரும்பும். இப்போது வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்: ஃபோமுக்காகக் கூடுதலாகப் போடும் 60, ஆண்டுக்குக் கூடுதலாகத் தருவது 2. அந்த 60 திரும்ப 30 ஆண்டு. நீங்கள் முடிவெடுக்க வேண்டியது இந்த 30 ஐப் பார்த்துத்தான்.

சமமான வெப்பத்தடைக்கு ஒப்பிடுவதும் அவசியம். கடத்து எண் 0.040 உள்ள கண்ணாடிப் பஞ்சு, 50 மி.மீ. க்ளோஸ்டு செல்லுக்கு ஈடாக 80 மி.மீ. தடிமன் வேண்டும். அந்த 80 மி.மீ. இடம் இருக்கிறதா? இருந்தால் பஞ்சு வெல்ல வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் ஃபோமுக்குப் போட்டியே இல்லை.

8. விலைப்புள்ளியில் வராத செலவுகளைச் சேருங்கள்

தீத்தடுப்பு மூடல். ஃபோம் எரியும் பொருள். எரியும்போது நச்சுப்புகை விடும். வசிக்கும் அறைப்பக்கம் திறந்து கிடக்கக் கூடாது, 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு அல்லது அதற்கு ஈடான மூடல் வேண்டும். இதைச் சேர்க்காத விலை பாதி விலைதான்.

வெயில் படும் இடமென்றால் புறஊதாக்கதிரைத் தடுக்கும் பூச்சு. பூச்சில்லாத ஃபோம் மஞ்சளாகி, பொடியாக உதிரும். கூரை மேலே அடித்தால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

காற்றோட்டம். வீட்டை இறுக்கமாக அடைத்தபின் சமையல் புகை, குளியலறை ஈரம் எல்லாம் உள்ளேயே நிற்கும். வெளியேற்றும் விசிறி வேண்டியிருக்கும். வீட்டுக்குள் எரியும் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் இருந்தால் இது உயிர்ப் பிரச்சினை: காற்று வரத்து இல்லாமல் புகைபோக்கி பின்னோக்கி இழுத்தால் கார்பன் மோனாக்சைடு அறையில் தங்கும்.

மின்கம்பிகள். ஃபோமுக்குள் புதையும் கம்பி சூட்டை வெளியேற்ற முடியாது. முழுக்கச் சூழப்பட்ட கம்பி தாங்கும் மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஏசி, ஹீட்டர் கம்பிகளை அடிப்பதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள்.

வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் யோசியுங்கள். பிரிட்டனில் கூரையின் உட்புறம் ஃபோம் அடித்த வீடுகளுக்கு அடமானக்கடன் தர மறுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அடியில் மரம் எப்படி இருக்கிறது என்று பரிசோதகர் பார்க்க முடியவில்லை என்பதே காரணம். வீட்டுக் காப்பீட்டாளரிடமும் கடன் கொடுத்தவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

9. அடிக்கவே கூடாத இடங்கள்

புகைபோக்கியை ஒட்டி, சூடாகும் விளக்குப் பெட்டிகளின் மேல், மின் இணைப்புப் பெட்டிகளுக்குள், பிற்பாடு திறக்க வேண்டிய வால்வுகளின் மேல். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அதற்கென்று வரும் குறைவாக விரியும் ஃபோம் மட்டும். சாதாரணமானது சட்டத்தையே வளைத்துவிடும். கரையான் உள்ள ஊரில் தரையை ஒட்டி ஒரு சாண் உயரம் வெறுமையாக விடுங்கள். கரையான் ஃபோமைத் தின்பதில்லை. ஆனால் அதற்குள் துளைத்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் மரத்துக்குப் போய்விடும்.

10. ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்

பொருளின் பெயர், வகை, அடர்த்தி, முதிர்ந்த ஆர்-மதிப்பு, குறைந்தபட்சத் தடிமன். "சராசரித் தடிமன்" என்று எழுத விடாதீர்கள். ஓரிடத்தில் 80, இன்னோரிடத்தில் 20 அடித்தாலும் சராசரி 50 ஆகிவிடும். ஆனால் 20 உள்ள இடத்தில் வெப்பம் கொட்டும்.

அளவைச் சரிபார்க்கும் வழி எளிது. 100 சதுர மீட்டருக்கு 50 மி.மீ. என்றால் 5 கன மீட்டர். 32 ஆல் பெருக்கினால் 160 கிலோ. சிதறல், வெட்டுக்கழிவுக்குச் சற்றுக் கூட்டினால் சுமார் 180 கிலோ ரசாயனம் இறங்க வேண்டும். அதைவிட மிகக் குறைவாக இறங்கினால் தடிமனோ அடர்த்தியோ குறையப்போகிறது.

ஃபோமை நுரையாக விரியவைக்கும் வாயு எது என்றும் கேளுங்கள். பழைய எச்.எஃப்.சி. வாயுக்களின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்கு அளவில் இருக்கும். புதிய எச்.எஃப்.ஓ. வகைகளில் அது மிகச் சொற்பம். சுற்றுச்சூழலை நினைத்துக் காப்பு செய்பவர்களுக்கு இந்த ஒரு கேள்வி முழுக் கணக்கையும் மாற்றும்.

11. அடிக்கும் நாளில்

வீட்டில் ஒருவரும், வளர்ப்புப் பிராணியும்கூட, இருக்கக் கூடாது. அடித்து முடித்து, காற்றோட்டம் விட்டு, பொதுவாக 24 மணி நேரமாவது கழித்தே திரும்ப வேண்டும். தயாரிப்பாளர் தரும் பொருள் விவரத்தாளில் அதிகம் சொல்லியிருந்தால் அதன்படி. ரசாயனத்தில் ஒரு பாதி ஐசோசயனேட். அது ஒருவருக்கு ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் ஆஸ்துமாவைக் கிளப்பும், அதை மாற்ற வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல் பயிற்சி பெறாதவர்கள் தொழிலாக இதைக் கையாள முடியாது. உங்கள் ஊரில் சட்டம் இல்லாவிட்டாலும் பயிற்சிச் சான்று கேளுங்கள். அடிப்பவர் சாதாரணத் துணி முகமூடியோடு வந்தால் வேலையைத் தொடங்கவிடாதீர்கள், அவர் உயிருக்காகவும்தான்.

க்ளோஸ்டு செல்லை ஒரே அடியில் 50 மி.மீ.க்கு மேல் ஏற்றக் கூடாது. வினையில் பிறக்கும் சூடு உள்ளேயே அடைபட்டு நடுப்பகுதி பழுப்பாகக் கருகும், தீப்பற்றவும் செய்யும். அடுத்த அடுக்குக்கு முன் ஆறவிட வேண்டும். மரச்சட்டங்களுக்கு இடையில் முதலில் நாலு ஓரங்களையும் அடித்துவிட்டு நடுவை நிரப்பச் சொல்லுங்கள். நேராக நடுவில் தொடங்கினால் ஆறிச் சுருங்கும்போது ஓரத்தில் விலகி, நீங்கள் பணம் கொடுத்து அடைத்த சந்து மறுபடி திறக்கும்.

12. பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன்

மூடுபலகை போடுவதற்கு முன்பே இந்தச் சோதனைகளை முடித்துவிட வேண்டும்.

மெல்லிய கம்பியில் தடிமனைக் குறித்து, ஒவ்வொரு பகுதியிலும் பல இடங்களில், குறிப்பாக மூலைகளில், குத்திப் பாருங்கள்.

பிறகு ஒரு துண்டு வெட்டி எடுங்கள். 10 செ.மீ.க்கு 10 செ.மீ., 5 செ.மீ. ஆழம். சமையலறைத் தராசில் வையுங்கள். க்ளோஸ்டு செல் என்றால் சுமார் 16 கிராம், ஓபன் செல் என்றால் சுமார் 4 கிராம் காட்ட வேண்டும். க்ளோஸ்டு செல்லுக்குப் பணம் வாங்கிவிட்டு 9, 10 கிராம் காட்டினால் அடர்த்தி இல்லை என்று பொருள். வெட்டுமுகத்தையும் பாருங்கள்: நிறம் ஒரே சீராக, கண்ணறைகள் நுண்மையாக இருக்க வேண்டும். பெரிய குமிழி, பழுப்புக் கோடு, அடுக்குகள் பிரிவது எல்லாம் குறை. விரலில் பிசுபிசுப்பாக ஒட்டினாலோ, கண்ணாடி போல நொறுங்கினாலோ இரண்டு ரசாயனமும் சம அளவில் கலக்கவில்லை. வெட்டிய குழியை டப்பா ஃபோமால் நிரப்பிவிடலாம்.

சில நாள் கழித்தும் மீன் வாடை தொடர்ந்தால் அதுவும் கலவைக் கோளாற்றின் அறிகுறி. வாசனை போய்விடும் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். சரியாக வினைபுரியாத பகுதியை வெட்டி எடுத்து மறுபடி அடிப்பதுதான் தீர்வு. அந்தச் செலவு ஒப்பந்தக்காரருடையது என்று முன்பே எழுதி வாங்கியிருந்தால் மட்டுமே இந்த இடத்தில் உங்கள் பேச்சு எடுபடும்.

மூடுவதற்கு முன் எல்லாப் பரப்பையும் அளவுகோலோடு படம் எடுத்து, டிரம்களின் தொகுதி எண், பொருள் தாள், அடித்த தேதி ஆகியவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். பின்னாளில் கூரையைத் திறக்க வரும் தச்சருக்கும் வீட்டை மதிப்பிட வருபவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட அந்தக் கோப்பு ஒன்றுதான் இருக்கும்.